ஏழு வீட்டுப் பன்றித்தொடை

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் பரணில் ஏறிப் பார்த்தால், புகைபோட்டு மாட்டியிருந்த இரண்டு பன்றித்தொடைகளில் பெரியதைக் காணோம். சின்னது மட்டும் அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எலி இழுத்துப் போகிற கனமா அது? எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏணியில் இறங்கும்போதே கத்திக்கொண்டுதான் இறங்கினேன்.

"யோவ்! பெரிய தொடை எங்கய்யா?"

என் புருஷன் யாகா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

"எதுக்கு இப்ப ஊரைக் கூட்டறே? லோகர் வீட்ல குடுத்துட்டேன். நேத்து சாயங்காலம்."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"யாரைக் கேக்கணும்? செவ்வாய்க்கிழமை லிஸ்ட் ஒட்டறான். எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பறானாம். பதினஞ்சு வருஷமா அந்த மரமில்லுல ரம்பம் தீட்டறேன், வேற என்ன தெரியும் எனக்கு? ஒரு தொடை போனா போகட்டும். நமக்குத்தான் சின்னது இருக்குல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த விளக்கைத் தரையில் போட்டு உடைத்திருப்பேன். மில் மேனேஜர் லோகருக்குக் கொடுத்தான் என்பதற்காக இல்லை. கொடுத்ததுதான் கொடுத்தான், நல்லதையாவது கொடுத்திருக்கலாமே! அந்தப் பெரிய தொடை கெட்டுப்போனது.

பார்த்தால் தெரியாது. தேன் நிறத்தில், கொழுகொழுவென்று, கல்யாணத்துக்குக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆனால் தொடையைக் கண்ணால் பார்த்து யாராவது தேர்ந்தெடுப்பார்களா? ஊசியால் குத்தித்தான் பார்க்க வேண்டும். குதிரையின் கால் எலும்பில் சீவிய ஊசி என்னிடம் இருக்கிறது. இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பை ஒட்டி உள்ளே விட்டு, வெளியே எடுத்து, ஆறுவதற்குள் முகர வேண்டும். புதன்கிழமை இரண்டையும் குத்தினேன். சின்னதில் பீச் மரப் புகையும் பூண்டும் மணத்தன. பெரியதில் ஊசி வெளியே வந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எலும்போடு ஒட்டிய சதை உள்ளுக்குள்ளேயே நாறிப்போயிருந்தது.

காரணம் யாகாதான். ஜனவரியில் பன்றி அடித்த அன்று பெரியதுக்கு உப்பு போட்டவன் அவன். எலும்போரம் ஓடுகிற நரம்பில் நிற்கிற ரத்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் உப்பைத் தேய்க்க வேண்டும். அவன் பிராந்தி குடித்துக்கொண்டே இரண்டு தேய் தேய்த்துத் தொட்டியில் போட்டுவிட்டான். அப்புறம் நான் நாலு வாரம் புரட்டி என்ன, பத்து நாள் கண் எரியப் புகை போட்டு என்ன?

புதன்கிழமையே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிற மனுஷனிடம் இதையும் சொல்லி நோகடிக்க வேண்டாம், பண்டிகை கழியட்டும், ரகசியமாகப் புதைத்துவிடலாம் என்று இருந்தேன். அந்த இரக்கத்துக்குத்தான் இந்தச் சம்பளம்.

எங்கள் ஊர் வழக்கம் வேறு இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை எல்லா வீட்டுக் கூடையும் கோயிலுக்கு வரும். வேகவைத்த தொடை, சிவப்பு முட்டை, காரமுள்ளங்கி, அக்ரூட் ரொட்டி. சாமியார் மந்திரிக்கும் முன்னால் தொடையில் எலும்புவரை ஒரு வெட்டுப் போட வேண்டும். தீர்த்தம் எலும்பில் பட வேண்டும். அந்த எலும்பைத்தான் பிறகு ஆலங்கட்டி மழைக்குக் காவலாக வயல் மூலையில் புதைக்கிறோம். லோகர் வீட்டுக் கூடை முதல் வரிசையில் இருக்கும். கோயில் சனம் முழுக்கப் பார்த்திருக்க அவன் பெண்டாட்டி அந்தத் தொடையை வெட்டுவாள். அதற்கப்புறம் யாகாவுக்கு மில்லில் வேலை இருக்குமா?

"அது எலும்போரம் நாறிப்போன தொடைய்யா" என்றேன்.

"உன் ஊசியும் நீயும்! ஊர்லயே அதான் பெரிசு. வில்மா அம்மா கையில வாங்கறப்பவே பல்லைக் காட்டினாங்க, தெரியுமா?"

அவனோடு பேசிப் பிரயோசனம் இல்லை. சின்னதை இறக்கித் துணியில் சுற்றினேன். இதைக் கொடுத்துவிட்டு அதைத் திருப்பி வாங்கிவரலாம். எங்கள் கூடையில் வெறும் முட்டைதான் இருக்கும், பரவாயில்லை. இந்த வருஷம் நான் ஒருத்தி மட்டும் இல்லை. தெருவில் இரண்டு வீடு சேர்ந்து ஒரு பன்றி வளர்க்கிறவர்கள்தான் அதிகம், வீட்டுக்கு ஒரு தொடைதான் தேறும். அடுத்த வீட்டுத் தில்கா முந்தாநாள் கிணற்றடியில், "எங்களதை எலி தின்னுடுச்சுடி நேஷா" என்று கண்ணைத் துடைத்தாள். கீழ்த்தெரு ரேஸ்கா, டாக்டர் உப்புக்கறியே கூடாதென்று சொல்லிவிட்டதாக அலுத்துக்கொண்டாள். பாவம் என்று நினைத்தேன்.

லோகர் வீடு மேட்டில் இருக்கிறது. மணி அடிக்கக் கூடாத நாள். கோயிலில் மரக் கிலுக்கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடகடவென்று அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.

லோகர் இல்லை. அவன் பெண்டாட்டி வில்மா பின்வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன நேஷா, இந்த நேரத்துல?"

"ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. எங்க வீட்டுக்காரரு தொடையை மாத்திக் கொண்டாந்துட்டாரு. அது வெந்தா நாறும். இந்தாங்க, நல்லது. அதைக் குடுத்துடுங்க."

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இத்தனூண்டா? சரி, உள்ள வா. எது உங்களதுன்னு நீயே காட்டு. இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கவா முடியுது?"

இதையெல்லாமா? நான் சாமான் அறைக்குள் போனேன். அங்கே வரிசையாக ஏழு தொடைகள் தொங்கின.

ஒவ்வொன்றாகக் கிட்டே போய் முடிச்சைப் பார்த்தேன். ஒன்றில் நீல ஏப்ரன் துணியைக் கிழித்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. தில்காவைத் தவிர யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். எலி தின்றதாம்! இன்னொன்றில் சணலுக்குப் பதில் குச்சி செருகியிருந்தது, அது ரேஸ்கா. பிளம் மரப் புகையில் சிவந்தது சாவடிக்காரர் வீட்டுடையது. எல்லாம் எனக்குத் தெரிந்த முடிச்சுகள், எனக்குத் தெரிந்த புகைகள். ஏழு வீட்டு ஆண்பிள்ளைகளும் ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாமல் இருட்டியதும் இந்த மேட்டில் ஏறியிருக்கிறார்கள். மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் கிணற்றடியில் ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கிறார்கள். வெட்கத்தில் என் காது சூடாகிவிட்டது.

"இத்தனை வாங்கியிருக்கீங்களே, லிஸ்ட்ல இடம் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

"லிஸ்ட்டா? அது போன வாரமே முடிவாகி வக்கீல்கிட்ட போயாச்சு. நீ ஏன் பயப்படறே? யாகா பேரு எட்டுல இல்ல. ரம்பம் தீட்ட அவரை விட்டா யாரு இருக்கா?"

"போன வாரமேவா?"

"ஆமா."

"தில்கா புருஷன் லுத்விக்?"

"அவரைத்தான் அனுப்பறாங்க. மூட்டுவலிக்காரரு, பாவம்."

பாவமாம்! அவர்கள் வீட்டுத் தொடை அவள் தலைக்கு மேலே தொங்குகிறது, இவள் பாவம் என்கிறாள். லிஸ்ட் போய்ச் சேர்ந்த பிறகு, அது தெரிந்தே, வருகிறவன் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியிருக்கிறார்கள். யாகா வேலை பத்திரம், வாயை மூடிக்கொண்டு மாற்றிக்கொண்டு போடி என்று புத்தி சொன்னது. அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் தெரியும். எங்கள் பெரிய தொடையின் அடியில் போய் நின்று மடியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தினேன். அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாரும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சீ, எதையோ தடவிக் கொண்டாந்திருக்கே. சின்னதைக் குடுத்துட்டுப் பெரிசைத் தூக்கப் பாக்கறியா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது அசிங்கமா இல்ல?"

"இது கெட்டுப்போச்சுங்கறேன். சத்தியமாச் சொல்றேன்."

"ஊர்லயே பெரிய தொடைன்னு உன் புருஷனே சொன்னாரு. இதுதான் எங்க கூடைக்கு. உன் சுண்டெலியை நீயே எடுத்துட்டுப் போ."

"சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் என்னைப் போல் நல்லவள் கிடையாது. மேட்டு விளிம்பில் நின்று, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கீழே பார்த்துக் கத்தினேன்.

"அடியே தில்கா! உன் தொடையை எலி தின்னலடி! இங்க முழுசாத் தொங்குது! வந்து எடுத்துட்டுப் போ! லுத்விக் பேரு லிஸ்ட்ல ஏறியாச்சு, தொடையாவது மிஞ்சட்டும்! ரேஸ்கா! உங்க டாக்டர் உன்னதை இங்க அனுப்பி வச்சிருக்காரு!"

கிலுக்கைச் சத்தம் நின்றது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

முதலில் தில்கா வந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லாமல். நேராக உள்ளே போய் நீல முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது அழுதாள், அழுதுகொண்டே வில்மாவைப் பார்த்து, "நாலு நாளா என் புள்ளைங்களுக்குப் பொய் சொன்னேன்டி உன்னால" என்றாள். பிறகு ரேஸ்கா, பிறகு மற்றவர்கள். ஆளாளுக்கு அவரவர் முடிச்சு தெரியும். யாரும் அடுத்தவளுடையதைத் தொடவில்லை. வில்மா, "திருடிங்க! போலீஸைக் கூப்பிடறேன்!" என்று அலறினாள். ஆனால் அலறிக்கொண்டே அவள் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியது எங்கள் பெரிய தொடையைத்தான். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கோயிலில் அவள் கூடைதான் முதல் வரிசை. லேஸ் துணி, வெள்ளிப் பிடி போட்ட கத்தி. வேகவைத்த தண்ணீரில் பிரிஞ்சி இலையும் பூண்டும் அள்ளிப் போட்டிருப்பாள் போல; மேலுக்கு வாசனையாகத்தான் இருந்தது. ஊரில் ஒவ்வொரு கூடையிலும் தொடை இருப்பதை லோகர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சாமியார் தலையை அசைத்ததும் எல்லாரும் வெட்டினோம். வில்மாவின் கத்தி எலும்பைத் தொட்டது.

அந்த நாற்றத்தை நான் எப்படிச் சொல்ல? பீடத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு இரண்டடி பின்னால் போனார். எங்கிருந்தோ ஒரு நாய் உள்ளே வந்து முதல் வரிசையில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். வில்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. சொன்னேனா இல்லையா?

பக்கத்தில் நின்ற யாகாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"அது... நான் உப்பு போட்டதா?"

"நீ போட்டதுதான்."

செவ்வாய்க்கிழமை ஒட்டிய லிஸ்ட்டில் எட்டுப் பேருக்குக் கீழே ஒன்பதாவதாக ஒரு பேரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். பத்து மணிக்கு யாகா ரம்பம் தீட்டும் அரங்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மேஜையில் வைத்தான். உட்கார்ந்தான்.

"உன்னாலதான்" என்றான்.

"ஆமா. என்னாலதான்." கத்தியை அவன் பக்கம் தள்ளினேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. "சின்னதை எடுத்துட்டு வாயை மூடிட்டு வந்திருக்கலாம். வேலை இருந்திருக்கும். திட்டு, நல்லாத் திட்டு."

அவன் திட்டவில்லை. மிச்சமிருந்த தொடையை இழுத்து ஒரு துண்டு வெட்டினான். காரமுள்ளங்கி கூட வைத்துக்கொள்ளாமல் மென்றான். இன்னொரு துண்டு வெட்டினான். அதுவும் போனது.

"இது நல்லா இருக்கு" என்றான்.

"அதுக்கு உப்பு போட்டது நான்."

"தெரியுது. இனிமே ரெண்டுக்கும் நீயே போடு."

"போடறேன். அடுத்த ஜனவரிக்குப் பன்னி எங்கய்யா இருக்கு?"

அவன் தொடையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். எலும்பில் ஒட்டியிருந்த கடைசிச் சதைவரை சுரண்டித் தின்றுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எலும்பைப் புதைக்க வயலுக்குக் கிளம்பினான். வாசலில் லுத்விக் நின்றிருந்தான், கையில் அவர்கள் வீட்டு எலும்போடு. மூட்டுவலிக்காரனால் குழி தோண்ட முடியாது. யாகா அதையும் வாங்கிக்கொண்டான்.