பறக்காத பந்தயத்தின் செலவு

கரவாங் பள்ளத்தாக்குப் புறாப் பந்தயச் சம்மேளனத்தில் முப்பத்தொரு உறுப்பினர்கள். அதில் முப்பது பேருக்கு டோரிஸ் பஸுட்டிலைப் பிடிக்காது. மீதி ஒருத்தி டோரிஸ்தான்.

வேறு யாரும் முன்வராததால் செயலாளர் பதவியையும் பொருளாளர் பதவியையும் சேர்த்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கட்டிவிட்டு, அவள் செய்வதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பதை வாராந்தர வேலையாக வைத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் அவள் செய்த பாவம், பந்தயத்துக்கு அனுப்புகிற ஒவ்வொரு புறாவுக்கும் கட்டணத்தை ஒன்றே கால் டாலரிலிருந்து ஒன்றே முக்கால் ஆக்கியது. லாரி நூறு புறா ஏற்றினாலும் இரண்டாயிரம் ஏற்றினாலும் குடிக்கிற டீசல் ஒன்றுதான். டயர், இன்சூரன்ஸ், வண்டி ஓட்டுகிற க்ளெமுக்குக் கூலி எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினாள். தாளை ஒருவனும் பார்க்கவில்லை, அரை டாலரைத்தான் பார்த்தார்கள். தலைவர் மெர்வ் டன்ஸ்டன் ஒரு சாயங்காலத்தில் அறுபது டாலருக்கு பீர் குடிக்கிற ஆள். அந்த அரை டாலருக்காக எழுந்து நின்று, ஏழை எளியவர்கள் வயிற்றில் அடிக்கிறாள் என்று பேசினான்.

இவர்களையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டது கன்னமல்லாவுக்காக. வருஷத்தின் கடைசிப் பந்தயம் அது. கன்னமல்லா ஊரில் திறந்துவிட்டால் வீடு வர எழுநூறு கிலோமீட்டர். இருபத்திரண்டு வருஷமாகப் புறா வளர்க்கிறாள், அந்தப் பந்தயம் மட்டும் கைக்கு வந்ததில்லை. போன வருஷம் அவளுடைய நீலப் பெட்டை, கால் வளையத்தில் 417 என்று எண் போட்டது, நாற்பது விநாடி வித்தியாசத்தில் மெர்வின் சேவலுக்கு அடுத்ததாக வந்தது. அதற்கு இப்போது ஐந்து வயது. அவ்வளவு தூரத்துக்கு அவள் கூண்டில் வேறு புறா இல்லை, அடுத்த வருஷம் அதுவும் பறக்காது. அதனால் சீசன் முழுக்க அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். பரிசுக் கோப்பைகளைச் சின்னதாக்கினாள், ஆண்டு விருந்தில் ஆட்டிறைச்சி வறுவலை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு மீட் பை, கறி அடைத்த பேக்கரிப் பண்டம், போதும் என்றாள். திட்டினார்கள். திட்டட்டும், கன்னமல்லாவுக்கு வண்டி போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் பர்க் பந்தயம். சிறகுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று 417ஐயும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஆயிரத்து அறுநூறு புறாக்களோடு வண்டி கிளம்பியது. சனிக்கிழமை விடியலில் பர்க்கில் பெட்டிகளைத் திறந்துவிட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் புறாக்கள் வீடு வந்து சேர வேண்டும்.

எப்போது திறப்பது என்பது க்ளெம் ஹார்டிகன் ஒருவன் முடிவு. பழைய விதி அது. பந்தயத்தில் புறா விட்டிருக்கிற எவரும் அன்று காலையில் அவனை நெருக்கக் கூடாது. அவன் செயலாளருக்கு மட்டும் போன் செய்து சொல்வான். சனிக்கிழமை ஆறரைக்குச் செய்தான்.

"இங்க வானம் பளிச்சுன்னு இருக்கு, டோரிஸ். ஆனா மலை மூடிக் கிடக்கு. மலை மேல கஸ்ஸிலிஸ் ஊரு பெட்ரோல் பங்க்காரிகிட்ட கேட்டேன். ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற தண்ணித் தொட்டியே தெரியலங்கிறா. நான் திறக்கல."

வழியில் பத்துப் பன்னிரண்டு பேரை இப்படிப் பிடித்து வைத்திருந்தான் க்ளெம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பான், எதிரே இருக்கிறது தெரிகிறதா என்று. மேகம் இறங்கி மூடிய மலைக்குள் போகிற புறா திசை தெரியாமல் மரத்தில் மோதும், கம்பியில் மாட்டும், சுற்றிச் சுற்றித் தண்ணீர் இல்லாத காட்டில் விழும்.

எட்டு மணிக்குள் டோரிஸ் வீட்டு முற்றத்தில் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைக்கு மேலே வானம் கழுவி விட்டது போல நீலமாக இருந்தது. புறா வளர்க்கிற ஆண்களுக்கு ஒரு குணம் உண்டு. தன் கூண்டின் கூரைக்கு மேலே வெயில் அடித்தால் உலகம் முழுக்க வெயில் அடிக்கிறது என்று நம்புவார்கள். பர்க்கிலிருந்து வருகிற ஐநூற்றைம்பது கிலோமீட்டருக்கு நடுவில் மலை ஒன்று இருப்பது அவர்கள் நினைவில் நிற்காது. க்ளெம் இன்னும் ஒரு நாள் கூலிக்கு ஆசைப்படுகிறான் என்றான் ஒருவன். வண்டியிலேயே குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்றான் இன்னொருவன். கடலோரச் சம்மேளனத்துக்காரர்கள் அதே மைதானத்திலிருந்து ஏழரைக்கே திறந்துவிட்டார்கள் என்று யாருக்கோ செய்தி வந்தது. அதற்கப்புறம் பேச்சு தடித்துவிட்டது.

மெர்வ் அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினான். "மேல பாரு. கண்ணு தெரியுதுல்ல? நாளைக்கு வரைக்கும் நிறுத்தி வெச்சா அந்தக் கூலி, தீனி எல்லாம் யாரு குடுக்கிறது? நாங்க இனிமே ஒரு சென்ட் தரமாட்டோம். உன் கன்னமல்லா பணத்தில இருந்து எடுத்துக் குடு."

அந்த இடத்தில்தான் அவன் சரியாகக் குத்தினான். டோரிஸ் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு க்ளெமுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'பத்து மணிக்கு மேல் ஆகிற செலவு எதுவும் சம்மேளனத்தைச் சேராது. உன்னுடையது.' அப்படி அனுப்ப அவளுக்கு உரிமை கிடையாது, அது அவளுக்கே தெரியும். க்ளெம் வாடகைக் கேரவனில் குடியிருக்கிறவன். கையில் காசில்லாதவன் பயந்து திறந்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள்.

பதில் ஒரே வார்த்தையில் வந்தது. 'சரி.'

பத்து மணிக்கும் அவன் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மலை திறக்கவில்லை. அன்று மத்தியானம் வண்டியைத் திருப்பினான். திங்கள்கிழமை காலையில் ஆயிரத்து அறுநூறு புறாக்களும், ஒன்று குறையாமல், ஏறின பெட்டிகளிலேயே வந்து இறங்கின.

கடலோரக்காரர்கள் ஆயிரத்து நூறு புறா விட்டிருந்தார்கள். திங்கள் மாலை வரை வீடு வந்தவை எண்பத்து நான்கு.

இதைக் கேட்டதும் க்ளெமை யாராவது தோளில் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் சம்மேளனம் எதிலும் இருந்ததில்லை என்று அர்த்தம். நாலு நாள் பெட்டியில் கிடந்து வாலிறகு ஒடிந்துவிட்டது என்று ஒருவன் கத்தினான். எச்சத்தில் ஊறிப்போய்விட்டது என்று இன்னொருவன். கடலோரக்காரர்கள் புறாவையும் நம் புறாவையும் ஒன்றாகச் சேர்க்கலாமா, நம்முடையது மலையைத் தாண்டி வந்திருக்கும் என்று மெர்வ் சொன்னதும் எல்லோர் முகமும் தெளிந்தது. க்ளெம் தாடி வளர்ந்த முகத்தோடு ஓரமாக நின்று காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். டோரிஸ் 417ஐக் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பார்த்தாள். இளைக்கவே இல்லை. தீனியும் தண்ணீரும் வேளாவேளைக்குக் கிடைத்திருக்கிறது. அவளுக்கு அவனை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது, பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பௌலிங் கிளப்பின் பின்னறையில் கூட்டம். மெர்வ் எழுந்து விதிப்புத்தகத்தை விரித்தான். முப்பத்தொன்றாவது விதி: பந்தயம் நடக்காவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆயிரத்து அறுநூறு புறாவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு டாலர். அந்த விதியைக் கொண்டுவந்தவள் டோரிஸ். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பந்தயம் நின்றபோது பழைய பொருளாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று, தன்னுடைய இருபது டாலருக்காக அவனோடு மல்லுக்கட்டி எழுத வைத்தது. இப்போது அது அவள் கழுத்தையே பிடித்தது.

புறா உயிரோடு வீட்டில் இருக்கும்போது ஒன்றே முக்கால் டாலரைத் திருப்பிக் கேட்பது நியாயமா, விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். சீசன் முழுக்க அவள் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. திருப்பித் தரச் சொல்லி முப்பது கைகள் தூக்கப்பட்டன.

அதைக் கொடுத்தபின் வங்கியில் மிஞ்சுவது ஆயிரத்து இருநூறு. கன்னமல்லாவுக்கு வண்டி போய் வர ஆயிரத்து நூறு வேண்டும். பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த க்ளெம் அப்போது முன்னால் வந்து ஒரு துண்டுச் சீட்டை மேஜையில் வைத்தான். இரண்டு நாள் கூலி, ஆறு மூட்டை தீனி, மைதானத்து வாடகை. எண்ணூற்று அறுபது டாலர். தீனிக்காரனுக்குக் கடன் சொல்லி வாங்கியிருந்தான்.

கன்னமல்லா, இல்லையென்றால் க்ளெம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது.

மெர்வ் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. சனிக்கிழமை முற்றத்தில் டோரிஸே வாய்விட்டுச் சொல்லியிருந்த மெசேஜைக் க்ளெமின் போனில் காட்டச் சொல்லி வாங்கி, சத்தமாக வாசித்தான். பத்து மணிக்கு மேல் ஆகிற செலவு உன்னுடையது. வாசித்து முடித்ததும் அறை முழுக்கக் கைதட்டினார்கள். ஒருவன் மேஜையைத் தட்டி, இந்த வருஷத்தில் டோரிஸ் செய்த ஒரே உருப்படியான காரியம் என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு அங்கே கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். அவளுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை போல இருந்தது.

"அத நான் கோவத்துல அனுப்பினேன்," என்றாள். "அனுப்பியிருக்கக் கூடாது. அன்னைக்கு அவன யாரும் நெருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"கோவத்துல அனுப்பினாலும் செயலாளர் அனுப்பினது," என்றான் மெர்வ். "உனக்குக் கன்னமல்லா வேணுமா வேணாமா? வாய மூடிக்கிட்டு உக்காரு, கெடைக்கும்."

க்ளெமுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது அவள் கை ஒன்றுதான் மேலே இருந்தது. பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். க்ளெம் உறுப்பினரில்லை, அவனுக்குக் கை தூக்க உரிமை கிடையாது. போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே போனான். கன்னமல்லாவுக்கு அவன்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்பதை ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் ஓட்டுவான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் இன்னும் அசிங்கம்.

புதன்கிழமை கடலோரத்திலிருந்து ஸ்லாவ்கோ என்பவன் வந்தான். அவன் கூண்டில் தொண்ணூறு புறா இருந்தது, மூன்று மிஞ்சியது. அவனைப் போன்றவர்கள் அந்த வாரம் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்தார்கள், நல்ல புறாவுக்கு என்ன விலையும் கொடுக்கத் தயாராக. மெர்வ் இரண்டு சேவல்களை எழுநூறுக்கு விற்றுவிட்டு, க்ளெம் திறந்துவிட்டிருந்தால் இந்த விலை வந்திருக்குமா என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டான். ஸ்லாவ்கோ 417ஐக் கையில் வாங்கி, சிறகை விரித்துப் பார்த்து, ஆயிரம் என்றான்.

"ஆனா ஒண்ணு, டோரிஸ். இதப் பறக்க விடமுடியாது. திறந்தா நேரா உன் வீட்டுக்குத்தான் வரும். குஞ்சுக்காகப் பூட்டியேதான் வெச்சிருப்பேன்."

"எத்தன நாளைக்கு?"

"சாகிற வரைக்கும். வேற வழியில்ல, உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். வீடு திரும்பக் கற்ற புறாவை விற்றால் அதன் பறத்தலும் அதோடு முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கைதட்டல் மறுபடி காதில் விழுந்தது. பணத்தை வாங்கிக்கொண்டாள்.

க்ளெம் கேரவன் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை, உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. அவள் உறையை நீட்டினாள். எண்ணூற்று அறுபது, சரியாக எண்ணி வைத்திருந்தாள்.

"சம்மேளனம் குடுத்ததா?"

"அவங்க எங்க குடுப்பாங்க? என் காசு."

"உன்கிட்ட ஏது இவ்வளவு?"

"417ஐ வித்துட்டேன். ஸ்லாவ்கோவுக்கு."

அவன் கை பூட்ஸின் மேலேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது. நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்படிப் பேசுவான் என்றும் நினைக்கவில்லை.

"பூட்டி வைக்கிறவன்கிட்டயா குடுத்த? ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? ரெண்டு நாள், நாப்பது டிகிரி வெயில்ல, மணிக்கொரு தரம் தண்ணி மாத்தினேன். உன் பெட்டைய மேல் தட்டுல காத்து படுற எடத்துல நானே மாத்தி வெச்சேன். எதுக்கு? கூண்டுக்குள்ள முட்டை போடவா? அது பறக்கணும்னுதானே நான் திறக்காம இருந்தேன்."

"உனக்குச் சேர வேண்டியதக் குடுக்கணும்னு நெனச்சேன்."

"எனக்குச் சேர வேண்டியது அவங்ககிட்ட இருக்கு. நீ குடுத்தா அவங்க குடுக்க வேண்டாம்ல? முப்பது பேரு கடனையும் உன் புறா தலையில ஏத்திட்டு வந்து நிக்கிற."

பேசினால் அழுதுவிடுவாள் என்று தோன்றியது, அவன் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை. உறையைத் திருப்பித் தருவானோ என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. ஸ்லாவ்கோ இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டான்.

க்ளெம் உறையைப் பிரித்துப் பார்த்தான். தீனிக்காரன் அன்று காலையிலேயே வந்து கத்திவிட்டுப் போயிருந்தான். பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அடுத்த வெள்ளிக்கெழம காலைல ஆறு மணிக்குக் கன்னமல்லாவுக்கு வண்டி கெளம்பும்," என்றான் நிமிராமலே. "உன் பெட்டிக்கு எடம் வேணாம்னு எழுதிக்கிறேன்."