சீட்டியடிக்கும் கிளி

என் கணவர் நஞ்சப்பனுக்குக் கண்ணில் பழுதில்லை. கதிரில் உட்கார்ந்த பூச்சியை வரப்பிலிருந்தே சொல்லிவிடுவார். காதுதான் கொஞ்ச காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதிலும் உச்சசுருதியில் வரும் மெல்லிய ஒலிகள் முதலில் போயின. பறவை பார்க்கிறவருக்கு அது பெரிய நட்டம். இலைக்குள் ஒளிந்திருப்பதைக் காதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சோலைக்கிளி என்ற ஒன்றைத் தேடி மலையேறி, காணாமலே திரும்பி வந்திருந்தார்.

"இந்தத் தடவ நீயும் வா கமலா. கண்ணு என்னுது, காது உன்னுது. இதுலயும் கெடைக்காட்டி பைனாகுலர யாருக்காச்சும் குடுத்துப்போட்டு வயலப் பாக்கறேன்" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

"கிளி பாக்க மலைக்குப் போகோணுமாங்க? நம்ம நெல்லத் தின்னுபோட்டு ஊட்டு முன்னாலயே கத்துதுங்களே!"

அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே பையை எடுத்து வைத்தார்.

மலையாள மண்ணிலிருக்கும் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகக் காரை நான்தான் ஓட்டினேன். சின்னாறு காட்டுக்குள் ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னார். எதிர்ச்சரிவின் பட்ட மரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு கரும்புள்ளி. அவர் வெறுங்கண்ணால் பார்த்தே, "பாம்புப் பருந்து. கொண்டையச் சிலுப்பீட்டு நிக்குது பாரு" என்றார். பைனாகுலரில் பார்த்தால் கொண்டை, மஞ்சள் கால், வயிற்றில் வெள்ளைப் பொட்டுகள். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனிதருக்குள் இப்படியொரு கண் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை, இரவு தங்கிய சூரியநெல்லியிலிருந்து போடிமெட்டுப் பக்கம் போய், சோலையோரச் சின்னப் பாலத்தருகே நின்றோம். பனி மரங்களை மூடியும் திறந்தும் விளையாடியது. நான் உச்சிக்கிளைகளையே பார்த்து, கீ கீ என்ற சத்தத்துக்குக் காத்திருந்தேன். பாலத்தடிப் புதரில் எதுவோ மெல்லிசாக, நிதானமாகச் சீட்டியடித்தது. அழகான சீட்டிதான். ஆனால் நாங்கள் தேடி வந்தது கிளியாயிற்றே, அதனால் சொல்லவில்லை. அவர் புருவத்தால் கேட்கும்போதெல்லாம் இல்லையென்று தலையாட்டினேன். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் அவர் முகம் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் பைனாகுலரை உறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"போலாங் கண்ணு."

வளைவுக்கு அந்தப் பக்கம் முருகேஸ்வரி என்ற பெண்ணின் டீக்கடை.

"என்னக்கா, கருக்கல்லயே வந்து நிக்கீய? யானை பாக்கவா?"

"கிளி பாக்க வந்தமுங்க. ஒண்ணையுங் காணம்."

"காணமா? பாலத்துக்குக் கீழ விடிஞ்சதுலேருந்து சீட்டியடிக்கு, கேக்கலியா?"

"கிளி எங்கீங்க சீட்டியடிக்கும்? கத்தத்தான செய்யும்."

"அது தத்தைல்லா! எங்களுக்குப் பறக்கது பூராவும் கிளிதாம்க்கா. பஸ் கதவுல தொங்குதானே கிளீனர், அவங்கூட கிளிதான்."

எங்கள் ஊர் பஸ்சிலும் அவன் கிளிதான். மலையாளத்தில் பச்சைக்கிளி தத்தை, சின்னப் பறவையெல்லாம் கிளி என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் வீட்டுக்குள் நாங்கள் பேசும் தமிழில் கிளி என்றால் பச்சையாகத்தானே இருக்கும்!

அவர் காதருகே போய்க் கத்தினேன். "ஏனுங்க, உங்க கிளி என்ன நெறமுங்க?"

"நீலம். வவுறு வெள்ள."

"பச்சை இல்லீங்களா?"

என்னையே பார்த்தார். பிறகு டீ தளும்பச் சிரித்தார். "இத்தன நேரம் தத்தையவா தேடுன?"

"நீங்க கிளின்னுதானுங்க சொன்னீங்க!"

பாலத்துக்கு ஓடினோம். சீட்டி நின்றிருந்தது. அவர் என் வாயையே பார்த்தபடி நின்றார். பனி விலகியபோது, இடது பக்கப் பெரணிச் செடிகளுக்கு அடியிலிருந்து மறுபடி கேட்டது. அவர் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினேன். பைனாகுலர் மேலே போனது, அப்படியே நின்றது.

வெகுநேரம் கழித்துத்தான் என்னிடம் தந்தார். பாசிக்கல்மேல், குச்சிக்கால்களில், நனைந்த மை போன்ற கருநீலம். வெள்ளை வயிறு. கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. தொண்டை விம்ம விம்ம, அந்தச் சோலையையே நிரப்புகிற பாட்டு.

அவர் திரும்பப் பைனாகுலரை வாங்கிக்கொண்டார். "தொண்ட அசையுது. பாடுதா?"

"பாடுதுங்க."

"எப்படி?"

நான் நாலு பேர் முன்னால் சீட்டியடித்தவள் இல்லை. ரோட்டை இருபக்கமும் பார்த்துக்கொண்டேன். உதட்டைக் குவித்து, அந்த மெல்லிய பாட்டை அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சுருதி தணித்து, காதோரம் சீட்டியடித்தேன்.

கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமலே, "இன்னொருக்கா" என்றார்.