நடுக்கோன் குனிந்தது

நினைவு தெரிந்த நாளிலிருந்து மனசுக்குள் நான் ரயில் டிரைவர்தான். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. பாலுக்கு அழுததைவிட கூட்ஸ் வண்டிக்குக் கையசைக்க அழுததுதான் அதிகம் என்று அம்மா சொல்லும். பத்தாம் வகுப்பில், 2006இல், வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு தொழில்காரராகப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்கப் போவதாக விமலாராணி டீச்சர் சொன்னார். முதல் ஆளாக ரயில் டிரைவரைக் கூப்பிடச் சொல்லி உயிரை வாங்கியவன் நான்தான்.

வந்தவர் பெயர் ராஜ்மோகன். நல்ல மனுஷன். "இந்த வேலைக்குக் கண்ணுதான் மொதப் பரீட்சை" என்று கையோடு கொண்டுவந்த புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் எழுபத்துநாலு தெரிந்தது. எனக்கு இருபத்தொன்று. அடுத்த பக்கத்தில் எண்ணே இல்லை என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "செவப்பும் பச்சையும் ஒனக்குக் கலந்து தெரியுது தம்பி. சிக்னலு பாக்கற வேல ஒனக்கு ஆவாது. மனச வுட்டுடாத" என்றார். சொல்வதற்கென்ன, சுலபம்தான்.

அந்த வாரம் முழுக்க, கூடப் படித்த பிரபா தன் ரிப்பனைத் தூக்கிக் காட்டி, "காஸ்பர், இது என்னா கலரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரிப்பனாலேயே அவள் வாயைக் கட்டியிருப்பேன். ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு படுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆளை அழைக்காமல் எங்களையே பீங்கான் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள். கலர் கலராகக் கப்பும் பொம்மையும் செய்கிற இடத்தில் எனக்கென்ன வேலை? காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரிசையில் நிறுத்தினார்.

உள்ளே, பெரிய பெரிய தொட்டிகளில் கூழ் மாதிரி ஏதோ இருந்தது. அதற்குக் கிளேஸ் என்று பெயராம். கப்பை அதில் முக்கிச் சுட்டால்தான் பளபளப்பும் நிறமும் வரும். சூளைக்குப் பொறுப்பான அம்சவல்லி அக்கா சுற்றிக் காட்டினார். டிப்ளமா முடித்து வந்தவர், சின்ன வயசுதான்.

"இதுல நீலம் எது, சொல்லுங்க பாப்போம்?"

பிரபா முந்திக்கொண்டு ஒரு தொட்டியைக் காட்டினாள். அது பழுப்பாம். இன்னொருத்தன் காட்டியது கறுப்பாம். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

"வேவறதுக்கு முன்னாடி எங்களுக்கே தெரியாது. நம்பரப் பாத்துத்தான் முக்குவோம்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலர் தெரியாமல் ஒரு ஊரே கலர் செய்துகொண்டிருக்கிறது!

பிறகு சூளை. கேஸில் எரிவது. சுவரில் ஒரு சின்னத் துளை. உள்ளே சூடு எவ்வளவு ஏறியது என்று காட்ட விரலளவில் மூன்று மண்கூம்புகள் நிற்கின்றன, அதைக் கோன் என்கிறார்கள் என்று அக்கா சொன்னார். "மொதக் கோனு அப்பவே சாஞ்சிட்டுது. நடுக்கோனு குனிஞ்சா உடனே கேஸ நிறுத்தணும். மூணாவதும் குனிஞ்சிட்டா உள்ள இருக்கறது மொத்தமும் போச்சு."

வெல்டிங்காரர் பிடிப்பதுபோல ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். "ஒண்ணுமே தெரியலீங்க" என்று ஒவ்வொருவராக விலகினார்கள். என் முறை வந்தது.

நெருப்பு என்றால் ஆடும், புகையும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே எதுவும் ஆடவில்லை. அடுக்கடுக்காகக் கப்புகள், தாங்கும் பலகைகள், சுவர், எல்லாமே வெளிச்சமாகி நின்றன. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. சர்ச் பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது தானாக முழங்கால் மடங்குமே, அப்படி மடங்கியது எனக்கு. இத்தனை நாள் இந்தச் சுவருக்கு வெளியேதானே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்?

அந்த வெளிச்சத்துக்குள் மெல்லிய கோடாக மூன்று கோன்கள். ஒன்று படுத்திருந்தது. நடுவில் இருந்தது நுனியை மெதுவாகச் சாய்த்தது.

"அக்கா, நடுவுல இருக்கறது குனியுதுங்க!"

அக்கா என்னை விலக்கிவிட்டுப் பார்த்தார். "கேஸ நிறுத்துங்கண்ணே!" என்று பர்னர் பக்கம் நின்றவரைப் பார்த்துக் கத்தினார். இரைச்சல் அடங்கியது.

"கண்ணு நல்லா இருக்குதே ஒனக்கு" என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. பிரபா தரையைப் பார்த்தாள். மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு செவப்பும் பச்சையும் தெரியாதுங்கக்கா."

அக்கா துளையைக் காட்டினார். "கோனு குனிஞ்சது தெரிஞ்சிதுல்ல?"

"தெரிஞ்சிதுங்க."

"அப்பறம் என்னா? இந்தா, மூணாவது நிக்குதான்னு பாத்துச் சொல்லு" என்று கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு பர்னர் பக்கம் போனார்.

நான் துளையில் கண்ணை வைத்தேன். ஜங்ஷன் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"நிக்குதுங்கக்கா!" என்று கத்தினேன்.