நாற்பத்து மூன்று வால்வுகள்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களைக் கொண்டு அளக்கக் கூடாது. மண்ணுக்கடியில் அது பதித்து வைத்திருக்கும் குழாய்களைக் கொண்டே அளக்க வேண்டும். எங்கள் நகராட்சி ஆணையாளர் விக்னேஷ்வரன் இப்படிச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தி, மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். அது கடையில் வாங்கிய பாட்டில்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் இருக்கிறது. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எங்களை ராஜபாளையத்துப் பக்கம் என்பார்கள்; ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்பார்கள். ஆகவே எங்களுக்கென்று ஒரு பெருமை வேண்டியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அது கிடைத்தது. பெயர் 'நீர்க்கண்'. கைபேசிச் செயலி.

மேடைத் திரையில் ஊரின் வரைபடம் ஒளிர்ந்தது. அதில் சிவப்பாக நாற்பத்து மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு குடிநீர் வால்வு என்றார் ஆணையாளர். எந்தத் தெருவுக்குத் தண்ணீரை அடைக்க வேண்டுமானாலும் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று இனி எந்த மனிதரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

அந்த மனிதர் அப்போது கூட்டத்துக்குப் பால்கோவா விநியோகித்துக்கொண்டிருந்தார். பெயர் கருத்தையா. இருபத்திரண்டு வருடமாக நீளக் கம்பிச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வால்வு திறந்து மூடியவர். இன்றுவரை ஒப்பந்த ஊழியர். முன்பெல்லாம் நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். மூன்று மாதத்துக்கு முன் 'இருபத்து நான்கு மணி நேரக் குடிநீர்' வந்தது. எல்லா வால்வையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். இப்போது நாள் முழுவதும் நூல் மாதிரி ஒழுகுகிறது. திறந்து மூட ஒன்றுமில்லாததால் கருத்தையாவைத் தபாலுக்கும் டீக்கும் மாற்றியிருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் கீழத் தெரு எப்சி எழுந்து மேடையருகே போனாள். ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை. கணவன் சூசை துணை ராணுவத்தில், எங்கோ வடகிழக்கில். கையில் ஒரு பாட்டில் வைத்திருந்தாள். உள்ளே இருந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. மூடியைத் திருகினாள். முன்வரிசையில் பால்கோவா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைக் கீழே வைத்தார்கள்.

"சார், இது எங்க தெருக் குழாய்த் தண்ணி. புதுசாப் போட்ட பாதாளச் சாக்கடை எங்க தெரு முக்குல குடிதண்ணிக் குழாயோட கலக்குது. மூணு வாரமாச் சொல்லுதோம். எம் மக ஜூடிக்கு மஞ்சக்காமாலை. நாலு வயசு சார். ஆஸ்பத்திரியில கெடக்கா. திங்கக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடுக்கச் சொன்னாக. இத எம்புட்டு நேரம் சார் கொதிக்க வைக்க?"

"ஆப்ல பதிவு பண்ணுங்கம்மா. நாப்பத்தெட்டு மணி நேரத்துல தீர்வு" என்றார் ஆணையாளர்.

"பண்ணிட்டேன் சார். பதினோரு நிமிசத்துல தீர்வு வந்துருச்சு. 'தங்கள் புகார் இனிதே முடித்து வைக்கப்பட்டது'ன்னு."

கூட்டம் சிரித்தது. ஆணையாளர் ஒலிவாங்கிக்குத் திரும்பி, "வேகத்தைக் கவனியுங்கள்" என்றார்.

ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் இருந்ததால் பொறியாளர் விஜயபாண்டியை அழைத்து, நாளையே சரிசெய்ய உத்தரவிட்டார். வேலை சிரமமானதன்று. கலக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். மூக்கு இருந்தால் போதும். கீழத் தெரு வால்வை அடைத்து, குழாயில் தண்ணீரை நிறுத்தி, உடைந்த குழாய் இணைப்பை மாற்ற வேண்டும். வால்வு எங்கே என்பது மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் நீர்க்கண் இருக்கிறதே.

புதன்கிழமை காலை கடப்பாரையோடு நாலு பேர் வந்தார்கள். செயலியின் சிவப்புப் புள்ளி எப்சியின் வீட்டு வாசலுக்கு நேரே இருந்தது. இடுப்பளவு தோண்டினார்கள். செம்மண் வந்தது. கழுத்தளவு தோண்டினார்கள். மேலும் செம்மண் வந்தது.

"சார், இங்க வால்வே கெடையாது" என்றார் டீ கொண்டுவந்த கருத்தையா.

"ஆப்ல இருக்குய்யா" என்றார் விஜயபாண்டி.

"ஆப்புல இருக்கு சார். மண்ணுல இல்ல."

விஜயபாண்டி நல்ல பிள்ளை. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இனி வாய்வழித் தகவல் ஏற்கப்படாது என்று சுற்றறிக்கை வந்திருப்பதைக் கருத்தையாவுக்கு நினைவூட்டினார். கருத்தையா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

வியாழக்கிழமை அடுத்த புள்ளி. அது சர்ச் வாசலில் இருந்தது. மறுநாள் அங்கே ஒரு கல்யாணம். குழியைச் சுற்றிப் பந்தல்காரர்கள் நின்று திட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிற்பகலில் மூன்றாவது புள்ளி. இங்கே ஒன்று கிடைத்தது. வடக்குத் தெருவுக்குப் போகும் நல்ல தண்ணீர்க் குழாய். கடப்பாரை அதை நேர் நடுவில் குத்தியது. அதுவரை சுத்தமான தண்ணீர் குடித்துவந்த ஒரே தெரு அது.

பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் குழியை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி எப்சி, இவிய வால்வத் தேடலட்டி. பொதையல் தேடுதாக."

"வரைபடம் சரிதான்" என்றார் விஜயபாண்டி, சட்டையைப் பிழிந்தபடி. "தெருதான் கொஞ்சம் விலகியிருக்கு."

இதை எப்சியால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கே போனாள். தன் பக்கம் தவறில்லை என்று காட்ட விஜயபாண்டி அவளை ஆணையாளர் அறைக்கே கூட்டிப்போனார். அங்கே சுவரில் மூல வரைபடம் தொங்கியது. துணியில் ஒட்டிய பழைய பெரிய காகிதம். சென்னையிலிருந்து வந்த ஆலோசனை நிறுவனம் இதைத்தான் படமெடுத்துக் கணினிக்குள் ஏற்றியிருந்தது.

"பாருங்க. ஒங்க வீட்டு வாசல்ல புள்ளி இருக்கா இல்லையா?"

இருந்தது. எப்சி கிட்டே போய் அதன்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். விரல் சிவப்பாக இருந்தது.

அவள் விரலையே பார்த்தாள். பிறகு அதை ஆணையாளரின் மேஜைக்கு மேலே நீட்டினாள்.

"சார், ஒங்க வால்வு ஒண்ணு என் வெரல்ல ஒட்டிருச்சு."

ஆணையாளர் விரலைப் பார்த்தார். விஜயபாண்டி வரைபடத்தைப் பார்த்தார். டீத் தட்டோடு வாசலில் நின்ற கருத்தையா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது நான் வச்சது சார். போன வருச ஆயுத பூசைக்கு."

அலுவலகத்தில் ஆயுத பூசைக்குத் தட்டச்சு எந்திரம் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். வரைபடமும் ஆயுதம்தானே. வழக்கமாக நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒரு பொட்டு போதும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் யார் வைப்பது என்பதில் போட்டி. வரித் தண்டலர் ஒன்று வைப்பார். அவர் வைத்தால் சுகாதார ஆய்வாளர் விடமாட்டார். பிறகு ஓட்டுநர். ஒன்பது வருடத்தில் சந்தனம் காகிதத்தின் நிறத்தோடு கலந்துவிட்டது; குங்குமம் நின்றது. வால்வுகளைக் கறுப்பு மையால் சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகப் போட்டிருந்தார் யாரோ ஒரு பழைய மேற்பார்வையாளர். அவை மங்கிப்போயிருந்தன. சென்னையின் கணினி சிவப்பை மட்டும் கண்டது, எண்ணியது, நாற்பத்து மூன்று என்றது.

"அப்ப ஊரெல்லாம் குங்குமப் பொட்டத் தோண்டிக்கிட்டு இருந்திருக்கீக" என்றாள் எப்சி. சத்தமாகச் சொல்லவில்லை. "எம் பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு சார். ஒண்ணுக்குப் போனா மஞ்சளாப் போகுது. நீங்க பொட்டு எண்ணுதீக."

ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செவ்வாய்க்கிழமை நீர்க்கண்ணைப் பார்வையிடச் சென்னையிலிருந்து குழு வருகிறது. பாராட்டுச் சான்றிதழ் அச்சாகிவிட்டது. இந்த நேரத்தில் புள்ளிகளை அழிக்க முடியாது. சற்று யோசித்துவிட்டு, கோப்பில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். மேற்படி நாற்பத்து மூன்று இடங்களும் 'உத்தேச வால்வுகள்' எனக் கொள்ளப்பட வேண்டும். அவ்விடங்களில் தற்போது வால்வு காணப்படாமை வரைபடத்தின் குறையாகாது.

"அப்ப எங்க தெரு?"

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வாங்கம்மா."

எப்சி வெளியே வந்து சைக்கிள் நிறுத்தத்தில் நின்றாள். அழவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கருத்தையா பின்னாலேயே வந்தார்.

"தாயி, செத்த நில்லு. வால்வு எங்கனு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா மூணு நாளா என்னண்ணே டீ ஆத்திக்கிட்டு இருந்தீக?"

கருத்தையாவுக்கு அது உறைத்தது. "கேட்டுக்கோ. ஒங்க தெரு தொடங்குற மொகனையில பாதாளச் சாக்கடைத் தெறப்பு விழாக் கல்லு இருக்குல்ல, அதுக்கு நேரா அடியில. கல்லு வைக்கையிலே சொன்னேன். நல்ல நேரம் போயிரும்னு மேலயே கான்கிரீட்டக் கொட்டிட்டாக. அந்தக் கல்ல ஒடைக்கணும்னு நான் எப்படித் தாயி சொல்வேன்? அதுல பதினாலு பேரோட பேரு இருக்கு."

"எம் மக பேரு இல்லைல்லா?"

"இல்ல."

"அப்ப ஒடைக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கீழத் தெருப் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளைச் சேலையோடு கல்லருகே வந்தார்கள். எதிர்வீட்டு வெள்ளத்தாய் தன் வீட்டுக் கடப்பாரையைக் கொண்டுவந்தாள். குழாய் வேலை செய்யும் கிளாட்வின் சம்மட்டியும் புதுக் குழாய் மூட்டும் எடுத்து வந்தான். கறுப்புப் பளிங்கில் தங்க எழுத்தில் பதினான்கு பெயர்கள் மின்னின. முதல் அடியை எப்சி போட்டாள். இரண்டாம் அடிக்கு நாலு பெயர்கள் கீழே விழுந்தன.

"பதினாலு பேர்ல ஒருத்தராச்சும் வந்து தடுக்காகளா, பாரு" என்றாள் ஞானபாக்கியம். "இவியள நம்பிக் கல்லு வேற."

கான்கிரீட்டை உடைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடியில் இரும்பு மூடி. அதற்கடியில் வால்வு. கருத்தையா சாவியை இறக்கிப் பதினெட்டுச் சுற்றுச் சுற்றினார். நூல் மாதிரி வந்ததும் நின்றது. கிளாட்வின் தெரு முக்கில் குழி தோண்டி இறங்கினான். சாக்கடைக் குழாயைப் பதித்தவர்கள் குடிநீர்க் குழாயை ஓரமாக உடைத்து, இடைவெளியில் ஒரு சிமெண்டுச் சாக்கைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அவன் அதை இழுத்து வெளியே போட்டான். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போது கருத்தையாவின் கைபேசி அடித்தது. கையெல்லாம் சேறு. எப்சி அதை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"கருத்தையா, வீட்ல தண்ணி நின்னுருச்சுய்யா. பாதிக் குளியல்ல நிக்கிறேன்."

ஆணையாளர்.

"கீழத் தெரு வால்வ அடைச்சிருக்கோம் சார்."

"கீழத் தெருவுக்கும் என் வீட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஒங்க குவார்ட்டர்ஸ்தான் சார் அந்த லைனுல கடைசி வீடு. அங்க வர்றதுக்குள்ள கலங்கல் தெளிஞ்சிரும்."

"ஆப்ல என் வீட்டுக்குத் தனி லைன்னு போட்டிருக்கே."

"ஆமா சார். ஆப்புல போட்டிருக்கு."

எப்சி கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "சார், நான் எப்சி. தண்ணி வரலன்னா ஆப்புல பதிவு பண்ணுங்க. பதினோரு நிமிசத்துல இனிதே முடிஞ்சிரும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. கருத்தையா வால்வைத் திறந்தார். முதல் அரை மணி நேரம் கறுப்பாக வந்து, பிறகு கலங்கலாக வந்து, கடைசியில் தண்ணீராக வந்தது. திங்கள்கிழமை ஜூடி வந்தாள். எப்சி அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்து, கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கல்லை உடைத்ததற்குப் போலீசில் புகார் கொடுக்க ஆணையாளர் ஒரு கடிதம் தயாரித்தார். கல்லுக்கு அடியில் என்ன இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். செயலியின்படி அங்கே ஒன்றுமில்லை. கடிதம் போகவில்லை. கருத்தையாவுக்கு மட்டும் ஒரு குறிப்பாணை வந்தது: முன் அனுமதியின்றி வால்வின் இருப்பிடத்தை அறிந்திருந்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சென்னைக் குழு வந்தது. நாற்பத்து மூன்று புள்ளிகளையும் பார்த்து வியந்தது. சான்றிதழ் கொடுத்தபோது குழுவில் ஒருவர், ஆணையாளர் வீட்டுக்கும் இதே தண்ணீர்தானா என்று மரியாதைக்குக் கேட்டார். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கேன் தண்ணீர் வாங்குவதாக அவர் சொன்னார். அது உண்மைதான்.

அந்த மூன்று வாரமும் அவர் பல் தேய்த்தது குழாய்த் தண்ணீரில்தான்.