மருமகன் நடை

ஞானபாயை அன்றைக்குக் கல்லூரி மேடைக்குக் கூப்பிட்டது தேங்காய்ச் சிரட்டை தட்டிக் காட்டத்தான். குதிரை ஓடுகிற சத்தம், எலும்பு முறிகிற சத்தம், மழைச் சத்தம் என்று நாலைந்து வித்தை காட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் வாழ்க்கை அனுபவம் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று, படங்களுக்கு ஒலி அமைக்கிற ஹரிகுமார் போனிலேயே சொல்லியிருந்தான். மெயின் கிளாஸை அவன் பார்த்துக்கொள்வானாம். சரி சார் என்றாள். எட்டு வருஷமாக அவனிடம் சரி சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு சரிக்கும் அடியில் பல்லைக் கடிக்கிற சத்தம் ஒன்று உண்டு. அதை எந்த மைக்கும் பிடித்ததில்லை.

சினிமாவில் ஒருத்தர் நடக்கும்போது நமக்குக் கேட்கிற காலடி பெரும்பாலும் அந்த நடிகருடையது இல்லை. படம் எடுத்து முடித்த பிறகு, ஸ்டூடியோவில் வேறொருத்தர் திரையைப் பார்த்துக்கொண்டே அதே தாளத்தில் நடந்து பதிய வேண்டும். திருவனந்தபுரத்தில் இருபத்தாறு வருஷமாக அப்படி நடக்கிறவள் ஞானபாய். பாறசாலைச் சபையின் க்வயரில் பாடிக்கொண்டிருந்தவள், கோரஸ் பாட வந்தாள். குரல் வேண்டாம், கால் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் செருப்பு வைத்திருந்தாள். காலை பாசஞ்சரில் அதைத் தூக்கிக்கொண்டு வருவாள். கலெக்டராக நடப்பாள், கர்ப்பிணியாக நடப்பாள், குடிகாரனாக நடப்பாள். செத்துப்போன நாயகனைத் தூக்கிப் போகிற நாலு பேராகவும் அவள் ஒருத்தியே நடந்திருக்கிறாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. காணாமல் போன மகனைத் தேடி ஒரு கிழவி நடந்து போகிறாள். கடைசிப் பதினொரு நிமிஷம் பேச்சில்லை, பாட்டில்லை, கிழவியின் காலடி மட்டும்தான். மணல், சரளை, ஈரப் பாறை, ஆஸ்பத்திரித் தரை. அந்தப் பதினொரு நிமிஷத்துக்காக ஞானபாய் பத்தொன்பது நாள் நடந்தாள். விழிஞ்ஞத்திலிருந்து மணலையும் பாறைத் துண்டையும் அவளே சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாள். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தபோது, ஈரக் கால் நன்றாகத்தான் கேட்கிறது என்று துடைக்காமல் நடந்தாள். ஒலிக்குப் பெரிய விருது கிடைத்தது. டைட்டிலில் அவள் பெயர் இல்லை. அதைக்கூட மறதி என்று விட்டிருப்பாள். ஆனால் விருது மேடையில் ஹரிகுமார் மைக்கைப் பிடித்து, கிழவியின் காலடி முழுவதும் தானே நடந்து பதிந்தது என்று கூசாமல் சொன்னான்.

மறுநாள் அவள் போய்க் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினான்.

"காலு எல்லாருக்கும் உண்டு சேச்சீ. கேக்குற செவியாக்கும் கலை."

அன்று ரயிலில் ஞானபாய் நெய்யாற்றின்கரை வரைக்கும் அழுதாள். பாறசாலையில் இறங்கும்போது அழுகை தீர்ந்து, இவனைச் சும்மா விடக்கூடாது என்கிற ஆத்திரம் மட்டும் மிச்சமிருந்தது. வேலையை விட்டால் அவனுக்குத்தான் நிம்மதி. அதனால் விடாமல் ஒட்டிக்கொண்டாள்.

விருது வந்த கையோடு ஹரிகுமாருக்கு ஒரு நடையும் வந்தது. காலில் ஒரு குறையும் கிடையாது. கூர்மூக்கு ஷூ போட்டு, வலது குதியை ஓங்கி வைத்து, இடது காலைக் கொஞ்சம் இழுத்து, பெரிய மனுஷன் அவசரப்பட மாட்டான் என்று ஊருக்குக் காட்டுகிற நடை. டக், ஸ்ர்ர். டக், ஸ்ர்ர். ஞானபாய் சாலைக் கடைத்தெருவில் அதே மாதிரி ஷூ வாங்கினாள். ஆண்பிள்ளைக் கனம் வருவதற்கு இடுப்பில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு வீட்டில் பழகினாள். பிசாசு ஏதும் பிடித்துவிட்டதா, பாஸ்டரைக் கூப்பிடட்டுமா என்று புருஷன் ஞானையன் கவலையோடு கேட்டார்.

போன வருஷம் சந்தர்ப்பம் வாய்த்தது. ஒரு சிரிப்புப் படம். மாமியாரின் நகையைத் திருடுகிற மருமகன், வரும்போது ஷூ அதிர வருவான், கடைசிக் காட்சியில் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நழுவுவான். அந்த மருமகனுக்கு ஞானபாய் ஹரிகுமாரின் நடையைக் கொடுத்தாள். ஷூ போட்டும் நடந்தாள், போடாமலும் நடந்தாள். நடிகரின் காலோடு அது ஒட்டுவதற்கு மூன்று நாள் பிடித்தது.

அந்தப் படத்துக்கும் ஒலி ஹரிகுமார்தான். கேட்டவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நடையிலேயே ஆள் கள்ளன் என்று தெரிகிறதே என்று சொல்லி, அவன் கையாலேயே சத்தத்தைக் கூட்டி வைத்தான். ஞானபாய் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. ஊரான் நடையெல்லாம் தெரிந்தவனுக்குச் சொந்த நடை தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களே அதை மறந்துவிடுகிறார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. கல்லூரிப் பிள்ளைகள் அந்த நடையை ரிங்டோனாக வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இப்போது வழுதக்காட்டில் ஒரு சினிமாக் கல்லூரி. ஹரிகுமாரின் பெயரில் ஒரு ஒலிக் களஞ்சியத்தை அன்றைக்குத் திறக்கிறார்கள். ஞானபாய் அவன் படங்களுக்கு நடந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறி, இனி அவன் காலடிகள் என்று அழைக்கப்படும். இன்றைக்கு விட்டால் அவள் பெயர் எங்குமே வராது. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த மாணவி ரெம்யா அமரவிளைக்காரி, தமிழ் பேசுகிற பிள்ளை. அவளிடம் ஞானபாய் கேட்டது மூன்று காரியம். மேடை பலகையாக இருக்க வேண்டும். பலகையோடு ஒட்டி ஒரு மைக் வேண்டும். மருமகன் நடையைப் படம் இல்லாமல் சத்தம் மட்டும் போட வேண்டும். காலடி காட்டுகிறவளுக்கு இது கூட வேண்டாமா என்று ரெம்யா மூன்றையும் செய்து வைத்தாள்.

ஹரிகுமார் முன்வரிசையில் இருந்தபடியே கையில் ஒரு மைக்கோடு அவளை அறிமுகப்படுத்தினான். என் டீமில் உள்ள சேச்சி, சிரட்டை தட்டுவார் என்றான். போகிற போக்கில் கிழவியின் பதினொரு நிமிஷத்தையும், தன் குதிகால் வெடித்த கதையையும் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள். வெடிப்பையும் விட்டுவைக்கவில்லையே பாவி என்று ஞானபாய்க்குக் காது சூடேறியது. அதற்கு முன் நெஞ்சோரத்தில் எங்காவது கொஞ்சம் இரக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போயிற்று.

சிரட்டையைத் தட்டினாள். முருங்கைக்காயை முறித்து எலும்பு என்றாள். பிறகு பேசினாள்.

"மக்களே, எனக்கு அஞ்சு நிமிசம்தான் தந்திருக்கு. பொறுமையா இருந்தா நல்லது தேடி வரும்னு சொல்லுவாவ. நான் இருந்தேன், கால்ல ஆணிதான் வந்துது. திறமை இருந்தா ஆளு தானா கண்டுபிடிக்கும்னு சொல்லுவாவ. களவாங்குதவன்தான் முதல்ல கண்டுபிடிப்பான். எதிரிய மன்னிக்கணும்னு எங்க பாஸ்டர் சொல்லுவாரு. மன்னிக்கலாம், தப்பில்ல. ஆனா மன்னிக்குததுக்கு முந்தி ரெக்கார்டு பண்ணி வச்சிரணும், கேட்டியளா."

கூடம் சிரித்தது. ஹரிகுமாரும் சிரித்தான், அவன் பாட்டுக்கு.

கண்ணை மூடிக்கொண்டு இது யார் நடை என்று சொல்லுங்கள் என்றாள். ரெம்யா சத்தத்தைப் போட்டாள். டக், ஸ்ர்ர். டக், ஸ்ர்ர். மருமகன், மருமகன் என்று நானூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். இந்த நடையைத் தேர்ந்தெடுத்துச் சத்தம் கூட்டியவர் யார் தெரியுமா, ஹரி சார்தான், மேடைக்கு வந்து எனக்கு ஒரு பொன்னாடை போட வேண்டும் என்று ஞானபாய் பணிவோடு கேட்டுக்கொண்டாள்.

அவன் எழுந்தான். பெரிய மனுஷன் அவசரப்பட மாட்டான். படி ஏறி, பலகையில் கால் வைத்தான். நாலு அடி மைக்குக்குள் போய்க் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு கடைசி வரிசையிலிருந்து எவனோ ஒருத்தன் மெதுவாக, மருமகன் என்றான்.

அப்புறம் நடந்ததை அடக்க யாராலும் முடியவில்லை. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஆசிரியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஹரிகுமார் விஷயம் புரியாமல் இன்னும் இரண்டு அடி வைத்தான். சிரிப்பு இரட்டித்தது. அப்போதுதான் அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய், இந்த நடையை யார் பதிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பல்லைக் கடித்தது கையிலிருந்த மைக்கில் நன்றாகவே விழுந்தது.

"நான்தான் சாரே. காலு எல்லாருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. செவிதான் பத்தல்ல."

சிரிப்பு ஓய்ந்ததும் ரெம்யா முன்னால் வந்தாள். "அப்போ கிழவிக்கு நடந்தது ஆரு மாமி?"

ஞானபாய் செருப்பைக் கழற்றிவிட்டு, மைக் பக்கமாக ஏழெட்டு அடி நடந்தாள். முழங்கால் வலிக்கிற, நிற்கப் பயப்படுகிற நடை. அது கிழவியின் நடை என்று கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. படத்தைப் பார்த்து அழுதவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். முன்வரிசையில் இருந்த முதல்வர் ரெம்யாவைக் கூப்பிட்டு, சேச்சியின் முழுப் பெயரை எழுதித் தரும்படி கேட்டார். அது ஞானபாயின் காதில் விழுந்தது. ஆனால் அவள் கண் ஹரிகுமாரை விட்டு நகரவில்லை.

அவன் நடு மேடையில் நின்றுகொண்டிருந்தான். இறங்குவதென்றால் பன்னிரண்டு அடி பலகை. நின்றான், யோசித்தான், வியர்த்தான். கடைசியில் அவசர அவசரமாகக் குனிந்து ஷூக்களைக் கழற்றி, கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு நழுவினான்.

படத்தின் கடைசிக் காட்சியை நானூறு பேரும் ஒரேயடியாக ஞாபகப்படுத்திக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த இரைச்சலிலும் ஞானபாய் காதைக் கொடுத்துக் கேட்டாள். எட்டு வருஷப் பழக்கம், வெறுங்காலிலும் இடது கால் இழுத்தது. அதையும் அவள் சரியாகத்தான் பதிந்திருந்தாள்.