அடுத்த வாரத்து வசனம்

இங்கிலாந்தின் லங்காஷயரில், எங்கள் ஆலை நகரத்து நாடகக் கொட்டகையில் வாரத்துக்கு ஒரு நாடகம். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் இந்த வார நாடகம். சுரங்கத்தில் கரி வெட்டிவிட்டு, மேடையோரம் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவன் நான். முதுகு ஒடியும் வேலை எதுவென்று எனக்குத் தெரியும். எங்கள் நடிகை மேவிஸ் கிளெக் செய்ததும் அதில் சேர்த்திதான்.

மேவிஸ் முன்பு ஆலையில் தறி ஓட்டியவள். மேடைக்கு வந்தபின் சீமாட்டி மாதிரி பேசப் பழகிக்கொண்டாள். சினிமாவில் ஒரு வேஷம் கிடைக்காதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அந்த வியாழக்கிழமை அவளைப் பார்க்கவே லண்டனிலிருந்து ஒரு படக்காரர் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அவர் படத்துக்கு வேண்டியது ஓர் ஆலைத் தொழிலாளிப் பெண். மேவிஸோ அந்த வாரம் பாதிரியாரின் மனைவி, பட்டுக் கையுறை போட்டுத் தேநீர் ஊற்றுபவள்.

இரண்டாம் அங்கத்தில், பாதிரியாராக நடித்த பெர்சிக்குக் கோப்பையை நீட்டினாள். இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்க வேண்டிய இடம். அடுத்த வாரம் கொலை நாடகம். அதிலும் இதே பெர்சிக்கு இதே மாதிரி கோப்பையை நீட்டுவாள். காலையெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார்கள். கை நீண்டதும் வாய் தடம் மாறிவிட்டது.

"என் அத்தையைக் கொன்றது நீங்கள்தான், டாக்டர்."

பெர்சி கோப்பையை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் ஓரத்திலிருந்து சர்க்கரை, சர்க்கரை என்று கிசுகிசுத்தேன். அவள் காதில் விழவில்லை. மாடி வரிசையிலிருந்து ஓர் ஆலைக்காரர் குரல் கொடுத்தார்.

"ஏ கண்ணு, அவரு டாக்டர் இல்ல, பாதிரியாரு."

மேவிஸ் அண்ணாந்து பார்த்தாள். சீமாட்டிப் பேச்சு போன இடம் தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் கிளம்பியது.

"இந்த ஆளுக்குப் பொண்டாட்டி நானா, நீரா? அத்தைக்கு இருமல், டாக்டரக் கூப்பிடுங்கன்னேன். நானே பாத்துக்கறேன்னு ஜெபம் பண்ணியே மேல அனுப்பி வெச்சாரு. டாக்டர்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிடறது?"

கொட்டகை குலுங்கியது. பெர்சியும் ஒருவழியாகச் சுதாரித்து, இருமல் கொஞ்சம் கடுமையானதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

திரை இறங்கியதும் முதலாளி ஹார்கிரீவ்ஸ் குதித்தார். அடுத்த வாரக் கொலைகாரன் யாரென்று இந்த வாரமே ஊருக்குச் சொல்லியாகிவிட்டதே என்பது அவர் கவலை. மேவிஸ் முகப்பூச்சைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சினிமா கை நழுவிவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தாள். படக்காரர் உள்ளே வந்ததும் எழுந்து, சீமாட்டிக் குரலில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.

"அந்தக் குரல் வேண்டாம்மா. மாடிக்காரர்கிட்ட பேசுனீங்களே, அதுதான் வேணும். லண்டன்ல நடிகைங்க எல்லாரும் அந்தப் பேச்சையே வேஷம் மாதிரி பேசுறாங்க. திங்கக்கிழமை வந்துடுறீங்களா?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சரியென்று தலையை ஆட்டித் தொலை என்று சைகை காட்டினேன்.

"திங்கக்கிழமை முடியாது சார்," என்றாள் மேவிஸ். "அந்த வாரம் பூரா மேடையில பெர்சியப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும். என்னை விட்டா இங்க ஆள் கிடையாது. அதுக்கடுத்த வாரம்னா வரேன்."

ஹார்கிரீவ்ஸ் குதிப்பதை நிறுத்தினார். படக்காரர் சிரித்தபடி சரியென்றார். அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை மேவிஸ் அசையாமல் நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.