ஆரஞ்சு மூடி

அந்தப் படத்தை எங்கள் குழுவில் முதலில் புகழ்ந்தவள் நான்தான். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எல்லார் மீதும் பாயப்போகிறேன்.

நாங்கள் ஒன்பது பேர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டு, கேமராவையும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு ராஜபாளையத்தில் டிராயிங் மாஸ்டர் பாலகணேஷ் சார் வீட்டு மாடியில் கூடுவோம். அந்த மாதம் எடுத்ததில் பிடித்த படத்தை ஆளுக்கொன்றாகப் பிரிண்ட் போட்டு, துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும். எல்லாரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுத் திருத்தம் கேட்க வேண்டும். இதை வெட்டு, அதைக் கூட்டு என்று ஆளாளுக்குச் சொல்வோம். எடுத்தவர் கேட்டே ஆக வேண்டும், அதுதான் எங்கள் ஒழுங்கு.

மற்றபடி என்ன பெரிய படங்கள்? கோபுரத்துக்குப் பின்னால் நிலா. அய்யனார் அருவியில் தண்ணீர் பால் மாதிரி. யாரோ வளர்க்கும் வெள்ளை நாய் மூக்கைத் தூக்கிக்கொண்டு. ஆறு மாதமாக அந்த நிலா கோபுரத்தை விட்டு இறங்கவேயில்லை.

அதனால்தான் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் படம் வந்தபோது துள்ளிவிட்டோம். அண்ணாச்சிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை. ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு மோட்டார் பெல்ட் கொடுக்கப் போன இடத்தில் எடுத்தது. வெள்ளைத் துணிக் கட்டுகள் மேல் சாய்ந்து ஒரு பெண் தூங்குகிறாள். கன்னத்துக்கு அடியில் கை. ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் நெற்றியில் நிற்கிறது. அந்த மாதம் அதற்குத்தான் முதல் இடம். அண்ணாச்சி சந்தோஷம் தாங்காமல் அதைப் பெரிதாக பிரேம் போட்டு, கம்பெனி முதலாளி கௌதம்ராஜுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். நல்ல படத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் மனசு குளிரும் என்று நம்புகிற ஆள் அவர்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பரிபூரணம் அக்கா மெடிக்கலுக்கு வந்தார். எங்கள் வாடிக்கையாளர்தான். தைராய்டு மாத்திரை வாங்குவார்.

"வழக்கம்போல ஒரு மாசத்துக்கா அக்கா?"

"பத்து போதும்மா. வேலை போயிருச்சு."

ஏன் என்று கேட்டேன். அக்கா போனை எடுத்து நீட்டினார். யாரோ அவருக்கு அனுப்பியிருந்த படம். எங்கள் படம்.

மாதாமாதம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு பேசுகிற முகம். படத்தில் அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வேலை நேரத்துல தூங்குறேன்னு மொதலாளி நிப்பாட்டிட்டாரு. நான் தூங்குனது மத்தியானச் சாப்பாட்டு நேரம்மா. பத்து நிமிசத்துல சாப்பிட்டுட்டு மிச்ச நேரம் செத்த கண்ணசருவேன். ஏழு வருசமா அப்படித்தான். ஆனா இதுல பாரு, சாயங்கால வெயிலுல்ல அடிக்கி? எஞ் சோத்து டப்பாவையும் காணோம். கையொட்டித்தான வச்சிருந்தேன்? அது எப்படிம்மா காணாமப் போவும்?"

அந்தக் குழுவில் நானும் ஒருத்தி என்று சொல்ல வாய் வரவில்லை. மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அண்ணாச்சி கடையில் ஆணி வாங்க நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கத்தினேன்.

"உங்க படத்துக்கு அழகு வேணும்னு ஒரு பொம்பளையோட சோத்துல மண்ணைப் போட்டுட்டீகளே அண்ணாச்சி! மத்தியானத்தைச் சாயங்காலமாக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? டப்பாவைத் தூக்குனது யாரு?"

அவர் போனை எடுத்து, குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி என்னிடம் காட்டினார். பாலகணேஷ் சார் எழுதியிருந்தார்: 'மத்தியான வெயில் தட்டையா இருக்கு. கொஞ்சம் மஞ்சள் கூட்டி, நிழலை நீட்டிச் சாயங்காலமாக்குங்க.' அதற்குக் கீழே: 'சூப்பர் அண்ணாச்சி!! அந்த ஆரஞ்சு மூடி மட்டும் கண்ணைக் குத்துது. அதைத் தூக்கிட்டா படம் எங்கேயோ போயிரும்.' இரண்டு கைதட்டல். ஷெரின் என்று என் பெயர்.

"நீ சொன்னம்மா. தூக்குனேன்," என்றார் அண்ணாச்சி.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை என்பதுதான் என் மேலேயே எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே தட்டிவிட்டிருப்பேன்.

முதலில் எடுத்த படம் அவர் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. உச்சிவெயில். அக்காவின் முழங்கையை ஒட்டிச் சாப்பாட்டு டப்பா, ஆரஞ்சு மூடி, மூடி மேல் கழுவி வைத்த ஸ்பூன். அதை ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு இருவரும் கம்பெனிக்குப் போனோம். கௌதம்ராஜுக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார். பிரிண்டையும் சுவரில் மாட்டியிருந்த படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு அது நெசம்னு குடுத்தீங்க. இன்னைக்கு இது நெசம்ங்கிறீங்க. இருக்கிற டப்பாவை எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, இல்லாத டப்பாவை வைக்கத் தெரியாதா? எடுத்த டைம் கேமராவுல பதிவாகியிருக்குமே, அதைக் காட்டுங்க."

அண்ணாச்சி போனில் ஒரிஜினலைத் திறந்தார். டைம் இருந்தது. அதிகாலை மூன்று மணி என்று இருந்தது. அண்ணாச்சி கேமரா வாங்கிய நாளிலிருந்து அதில் கடிகாரமே சரிபண்ணவில்லை.

"ஏழு வருஷமா உங்ககிட்ட வேலை பார்த்தவங்க வாயால சொன்னதை நம்பலை, செவுத்துல மாட்டுன படத்தை நம்புனீங்களா?" என்று கேட்டேன். அவர் வேறு ஆள் போட்டாயிற்று என்றார். படம் இன்னும் அவர் தலைக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியிலேயே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். நான் சொன்ன யோசனையையும் மறைக்காமல் எழுதி, முதலில் எடுத்த படத்தையும் மறுபடி போட்டேன். பிறகு பாலகணேஷ் சார் எழுதினார்: 'ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா ஒரிஜினல்ல அந்த ஆரஞ்சு நல்லாத்தான் இருக்கு. கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்குது. அதைத் தூக்கியிருக்கவே வேண்டாம்.' அதற்கு நான்கு பேர் கட்டை விரல் காட்டியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் டைப் அடிக்காமல் குரலாகவே பேசி அனுப்பினேன். அதில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், டப்பாவைத் தூக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை.

"மூணு கம்பெனில வேலை கேட்டுட்டேன். 'போட்டோவுல தூங்குனது நீதான'ன்னு கேக்காக. எம்புட்டு சொன்னாலும் சிரிக்காக." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டு பேரு எம் படத்தைப் பார்த்துப் பேசியிருக்கீக. எடுத்த மனுசன் என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஒன்பது பேர், ஒரு வாரம், நூற்றுக்கு மேல் மெசேஜ். அந்தக் கேள்வி ஒருவருக்கும் வரவில்லை.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எங்கூட வாங்க. நான் வேலை கேக்கப் போற கம்பெனி கேட்டுல நின்னு, இவ வேலை நேரத்துல தூங்கல, படத்தை நாங்கதான் மாத்துனோம்னு நீங்களே சொல்லுங்க. அது போதும்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்தது மூன்று பேர். நான், கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணாச்சி, பாலகணேஷ் சார். மற்ற ஆறு பேருக்கும் அன்றைக்கென்று பார்த்து அவசர வேலை. சார் வந்ததே பெரிது என்று நினைத்தேன்.

ஊருக்கு வெளியே வரிசையாக பேண்டேஜ் கம்பெனிகள். முதல் கேட்டில் சூப்பர்வைசர் வந்தார். அண்ணாச்சி கையைக் கூப்பிக்கொண்டார்.

"இவுக வேலை நேரத்துல தூங்கலைய்யா. சாப்பிட்டுட்டுக் கண்ணசந்தாக. சாயங்காலம் மாதிரி மாத்துனது நான். டப்பாவை அழிச்சது நான். பொய் சொன்னது எம் படம்." அறுபது வயது மனிதர், ரோட்டில் நின்று அழுதார்.

சூப்பர்வைசர் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் இளகியது.

"பேண்டேஜ் சுருட்டுற வேலை தெரியுமா?"

"ஏழு வருசம் அதுதான்யா பார்த்தேன்."

"எங்களுக்கும் ஆள் குறையுதுதான். உள்ள வாங்க, கேட்டுப் பாப்போம்." கேட்டின் கொண்டியை எடுத்தார். அக்கா கதவில் கை வைத்தார்.

அப்போது பின்னால் 'கிளிக்' என்று சத்தம் கேட்டது. திரும்பினேன். பாலகணேஷ் சார் இரண்டடி தள்ளி, முட்டி போட்டு, போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"யாருய்யா அது? போட்டோ பிடிக்கவா வந்தீக?" சூப்பர்வைசரின் முகம் மாறிவிட்டது. "வீடியோ எடுத்துப் போட்டு எங்க கம்பெனியையும் நாறடிக்கவா? போங்க, போங்க!" கதவு அக்காவின் விரல் நுனியை உரசியபடி மூடிக்கொண்டது.

நான் சார் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "சும்மா நமக்குள்ளதாம்மா," என்றார். "அந்த நிமிஷம் அப்படி அமைஞ்சு போச்சு." திரையில் படம் இருந்தது. பாதி திறந்த கேட், அதில் அக்காவின் கை, இந்தப் பக்கம் அண்ணாச்சியின் கூப்பிய கை. நன்றாக வந்திருந்தது. அது நன்றாக வந்திருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழித்துவிட்டுப் போனை அவர் மடியில் எறிந்தேன்.

அக்கா எங்களிடம் கோபப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அடுத்த கம்பெனில நானே கேட்டுக்கிடுதேன். நீங்க யாரும் வர வேண்டாம்."

நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அவர் தனியாக நடந்து போய் அடுத்த கேட்டைத் தட்டினார்.